கேன் தண்ணீர்

“முதுகுப் பக்கம் வெட்டிரலாம்க்கா. இல்லைன்னா கை உள்ள போகாது,” என்றாள் டெய்லரம்மா. கத்தரிக்கோலை வீட்டிலிருந்தே எடுத்துக்கொண்டு வந்திருந்தாள்.

வெளிர்நீலச் சட்டை. போன மாதம் டெய்லரம்மாவே தைத்துக் கொடுத்தது. இரண்டு முறைதான் போட்டிருந்தார். காலருக்குக் கீழே கத்தரியை வைத்து அடிவிளிம்பு வரை நிறுத்தாமல் வெட்டினாள். கட்டிலின் மறுபக்கம் நின்றிருந்த மனைவி அந்தச் சத்தம் முடியும்வரை கண்ணை மூடிக்கொண்டாள். பிறகு ஆளுக்கொரு கையை மெல்லத் தூக்கி, சட்டையை முன்பக்கமாக நுழைத்தார்கள். துணியை முதுகுக்கடியில் செருகிப் பொத்தான்களைப் போட்டதும், வேலைக்குக் கிளம்பும் முன் மனுஷன் கொஞ்சம் சாய்ந்திருப்பதைப் போலத்தான் இருந்தது.

உண்மையில் அவர் வேலைக்குத்தான் கிளம்பிக்கொண்டிருந்தார். காலை ஆறே காலுக்குக் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து ஒரு காலுறையைப் போட்டார். இன்னொன்றை எடுக்கக் குனிந்தவர் நிமிரவில்லை. ஆம்புலன்சில் வந்த ஆள் கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, “இதயம்மா. வலியே தெரிஞ்சிருக்காது,” என்றான். ஐம்பத்தெட்டு வயது.

“என்ன மனுஷன்க்கா,” என்று டெய்லரம்மா கத்தரியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். “ஒரு கெட்ட பழக்கம் உண்டா, ஒரு சத்தம் உண்டா? எங்க வீட்டுக்காரன் ஆஸ்பத்திரிலேர்ந்து வந்தப்ப, நோயாளிக்கு நல்ல தண்ணி வேணும்னு அவனுக்குன்னு தனியா கேன் கொண்டாந்து போட்டாரே, எந்தப் பக்கத்து வீட்டுக்காரன் செய்வான்? இவரு மாதிரி ஒரு ஆளு போனா அழறதுல ஒரு அர்த்தம் இருக்கு. எனக்குப் பாருங்க, ரெண்டு வருஷமாச்சு. இன்னும் வர்றது அழுகையா கோவமான்னு எனக்கே தெரியல.”

டெய்லரம்மாவின் கணவர் சாயப்பட்டறையில் பாய்லர் பார்த்தவர். கல்லீரல் கெட்டுப்போய்ச் செத்தார். “குடிப்பாரா?” என்று டாக்டர் கேட்டார். இல்லை என்று பாய்லர்காரர் சொன்னார், மகள் தலையில் கைவைத்துச் சொன்னார். யார் நம்பினார்கள்? பட்டறைக் குவார்ட்டர்ஸின் நாற்பது வீடுகளிலும், ஒளித்து ஒளித்துக் குடித்திருக்கிறான் என்பதுதான் பேச்சு. டெய்லரம்மாவும் அதைத்தான் நம்பினாள். கடைசி மாதம் முழுக்கக் கஞ்சியைக் கொண்டுபோய் வைப்பாள், முகம் கொடுத்துப் பேசமாட்டாள்.

“போன மனுஷனைப் பத்தி இப்ப எதுக்கு,” என்றாள் மனைவி.

“சும்மா தோணுச்சு. நீங்க ஒரு வாய் அழுதுருங்கக்கா. உள்ளேயே வச்சுக்காதீங்க.”

அவளுக்கு எதையும் உள்ளே வைத்துக்கொள்ளத் தெரியாது என்பதுதான் குவார்ட்டர்ஸ் முழுக்கப் பிரசித்தம். தபால் ஆபீஸ் கவுண்ட்டரில் இருபது வருஷம் உட்கார்ந்த வாய். ரேடியோக்கா என்று பெயர். அந்தப் பெயரை முதலில் வைத்தவரே அவள் கணவர்தான். கல்யாணமான புதிதில், “எங்க வீட்ல ரேடியோ வாங்க வேண்டியதில்ல,” என்று யாரிடமோ சொல்லப்போக, அது அப்படியே ஒட்டிக்கொண்டது. இன்றைக்குத்தான் காலையிலிருந்து அவளுக்குப் பேச்சு வரவில்லை.

பத்து மணிக்கு மேல் கூட்டம் சேர்ந்தது. உடலை முன்னறைக்குக் கொண்டுவந்து கிடத்தினார்கள். பட்டறை மேனேஜர் ஒரு மலர்வளையத்தோடு வந்தார். காலடியில் வைத்துவிட்டு, எல்லாருக்கும் கேட்கும்படியாக, “தண்ணியைச் சுத்தம் பண்ணியே வாழ்ந்த மனுஷன்,” என்றார். சுற்றி நின்றவர்கள் தலையாட்டினார்கள். அது ஒன்றும் மிகையில்லை. அவர் பட்டறையின் கெமிஸ்ட். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் வரை பட்டறைக் கால்வாய் ஒருநாள் சிவப்பாக ஓடும், ஒருநாள் நீலமாக ஓடும். அவர்தான் களிமண்ணால் அதற்கு வழி கண்டுபிடித்தார். அதிலிருந்து அவர் பெயர் மண்ணு சார்.

வீட்டுக்கு யார் வந்தாலும் அந்த வித்தையைக் காட்டாமல் விடமாட்டார். ஒரு கண்ணாடி டம்ளரில் சாயத் தண்ணீர். அதில் சாம்பல் நிறத்தில் ஒரு சிட்டிகைப் பொடி. கலக்கி வைத்துவிட்டு ஊர்க்கதை பேசுவார். கால்மணி நேரத்தில் அடியில் நீலமாக ஒரு படிவு, மேலே தெளிந்த தண்ணீர். “சாயம் எங்க போச்சு?” என்று பார்த்துக்கொண்டிருந்தவரையே கேட்பார். “மண்ணுக்குள்ள போச்சு. மண்ணுன்னா வெறும் கட்டி இல்ல சார், அடுக்கு. நோட்டுப் புத்தகம் மாதிரி. சாயம், எண்ணெய், கண்ணுக்குத் தெரியாத ரசாயனம் எல்லாம் தாளுக்கும் தாளுக்கும் நடுவுல போய் உக்காந்துக்கும். சும்மா மண்ணுக்கு அந்தப் பிடிப்பு வராது. பக்குவப்படுத்தணும். அதுதான் நம்ம வேலை.” அவளுக்கு இது மனப்பாடம். அவர் ஊரில் இல்லாத நாட்களில் அவளே விருந்தாளிகளுக்குச் செய்து காட்டியிருக்கிறாள்.

பன்னிரண்டு மணி சுமாருக்கு லாரி டிரைவர் வந்தார். பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பேருந்து மாறி வந்திருந்தார். தலைமாட்டில் நின்று வாய்விட்டு அழுதார். அழுது முடித்து, அவளுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். டெய்லரம்மா தன் வீட்டில் பெரிய பாத்திரத்தில் டீ போட்டுத் தட்டில் அடுக்கிக் கொண்டுவந்தாள். டிரைவர் ஒரு டம்ளரை எடுத்துக்கொண்டார். டெய்லரம்மா நகர்ந்ததும் அவள் பக்கமாகக் குனிந்தார்.

“ஏம்மா, இது கேன் தண்ணியில போட்டதா?”

“இல்லண்ணே. பக்கத்து வீட்டுல போட்டது. பம்பு தண்ணிதான். ஏன்?”

டிரைவர் டம்ளரைச் சத்தமில்லாமல் தரையில் வைத்தார். “தப்பா நினைக்காதீங்க. பழகிப் போச்சு. சார் சொன்னதுலேர்ந்து நான் இங்க பம்பு தண்ணியைத் தொடறதில்ல.”

“சார் என்ன சொன்னாரு?”

“உங்களுக்குத் தெரியாததா?” என்றார் டிரைவர். அவள் முகத்தைப் பார்த்தவருக்கு, அவள் அந்த நாளைக் கேட்க ஆசைப்படுவதாகத்தான் தோன்றியிருக்க வேண்டும். “ஒம்பது வருஷம் இருக்கும்மா. மண்ணைச் சுடற சூளையை நிறுத்தினதுக்கப்புறம் அழுக்கு மண்ணையெல்லாம் இந்தா, குவார்ட்டர்ஸுக்குப் பின்னாடி பள்ளத்துலதானே கொட்டிக்கிட்டிருந்தோம். அன்னிக்கு லோடை இறக்கிட்டு, பம்புல முகம் கழுவி, கையில புடிச்சு ஒரு வாய் குடிக்கப் போனேன். சார் எங்கேயிருந்துதான் பாத்தாரோ, ஓடி வந்து கையைத் தட்டி விட்டாரு. ‘துப்புய்யா, துப்பு’ன்னாரு. அவரு அப்படிக் கத்தி நான் பாத்ததில்ல. எனக்கு அப்பதான் இங்க வீடு ஒதுக்கியிருந்தாங்க. ‘சின்னப் புள்ளைங்களை வச்சிருக்க, இங்க குடி வராத, யார்கிட்டயும் காரணம் சொல்லாத’ன்னாரு. நான் வீடே வேணாம்னு எழுதிக் கொடுத்துட்டேன். என் புள்ளைங்க இன்னிக்கு நல்லா இருக்குன்னா, அது சார் போட்ட பிச்சைம்மா.”

சொல்லிவிட்டு மறுபடியும் அழுதார். அவள் அவர் தோள் வழியாக டீத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். தட்டு வாசல் நாற்காலிகளில் மூன்றாவது வரிசைக்குப் போயிருந்தது. எதிர்வீட்டு மருமகள் ஆறு மாதக் கர்ப்பம். டம்ளரை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்தாள்.

ஒன்பது வருஷம். சரியாகத்தான் இருந்தது. மகன் பத்தாவது படிக்கும்போதுதான் ஸ்கூட்டரின் முன்பக்கம் முதல் கேன் வந்து இறங்கியது. “எனக்கு வயித்துல புண்ணுங்கறாங்க. பம்பு தண்ணி ஒத்துக்கலையாம்,” என்றார். ஒருவருக்கு ஒரு தண்ணீர் இன்னொருவருக்கு ஒரு தண்ணீர் என்று எதற்கு, சமையலுக்கும் இதுவே இருக்கட்டும் என்றார். ஒன்றுவிட்டு ஒருநாள் மெயின்ரோடு கடையிலிருந்து இரண்டு கேன். மழையிலும் கொண்டுவருவார், காய்ச்சலிலும் கொண்டுவருவார். “ராஜா வயிறு, ஊர்த் தண்ணி இறங்காது,” என்று குவார்ட்டர்ஸ் முழுக்க அவள்தான் கேலி பண்ணிப் பரப்பினாள். பாய்லர்காரர் நெருப்பு முன்னால் எட்டு மணி நேரம் நின்றுவிட்டு வந்து, வாசல்படியில் உட்கார்ந்து சொம்பு சொம்பாகக் குடிப்பார். “சார், கேனுல என்ன ருசி இருக்கு? நம்ம பம்பு தண்ணியை ஒரு வாய் குடிச்சுப் பாருங்க,” என்று சொம்பை நீட்டுவார். இவர் சிரித்துக்கொண்டே வயிற்றைத் தடவிக் காட்டுவார்.

அவள் எழுந்து சமையலறைக்குப் போனாள். மகன் அங்கே இறப்புச் சான்றிதழுக்கான காகிதங்களை மேடைமேல் பரப்பி நிரப்பிக்கொண்டிருந்தான். வெளியூர் வேலையிலிருந்து காலையில் சேதி கேட்டு ஓடி வந்தவன். இன்னும் சட்டைகூட மாற்றவில்லை.

“பம்பு தண்ணியைப் பத்தி உனக்குத் தெரியுமா?” என்றாள்.

பேனா நின்றது. என்ன தெரியணும் என்று அவன் கேட்கவில்லை.

“எப்பலேர்ந்து?”

“காலேஜ்ல மூணாவது வருஷம் படிக்கும்போது லீவுக்கு வந்தேன்லம்மா. பாய்லர் மாமா வீட்ல தண்ணி வாங்கிக் குடிச்சேன். அப்பா பாத்துட்டாரு. அன்னிக்குச் சொன்னாரு.”

“என்னன்னு?”

மகன் கதவுப் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். “மண்ணு பிடிச்சதை விடாதுன்னுதான் அவரும் நினைச்சாராம். சூளையில வச்சு சுட்டுட்டா உள்ள இருக்கறது எரிஞ்சு போயிரும், பிரச்னையே இல்ல. ஆனா செலவாகுதுன்னு சூளையை நிறுத்திட்டாங்க. பள்ளத்துல கொட்டின மண்ணுல மழையும் வீட்டுச் சோப்புத் தண்ணியும் மாத்தி மாத்தி எறங்கி, பிடிச்சதைக் கொஞ்சம் கொஞ்சமா விட ஆரம்பிச்சிருச்சாம். அவரே பம்பு தண்ணியை எடுத்துட்டுப் போய் டெஸ்ட் பண்ணிப் பாத்திருக்காரு.”

“பாத்துட்டு?”

“மேல ரெண்டு தடவை எழுதிக் கொடுத்தாராம். பேசாம இருங்கன்னு சொல்லிட்டாங்களாம்.”

“இருந்துட்டாரு.”

“விஷயம் வெளிய வந்தா அந்த முறையே தப்புன்னு ஆக்கிருவாங்கம்மா. எத்தனை பட்டறையில அதை வச்சு ஓட்டறாங்க. அவரு வாழ்க்கையே...”

“நான் பட்டறையைக் கேக்கல. எங்கிட்ட ஏன் சொல்லல?”

மகன் காகிதங்களை ஒழுங்காக அடுக்கினான். அடுக்கியதையே மறுபடியும் அடுக்கினான். “உனக்குத் தெரிஞ்சா அந்த நிமிஷமே பக்கத்து வீட்டுக்குப் போயிருவன்னாரு.”

இருபத்தாறு வருஷத்தில் அவளைப் பற்றி அவர் சொன்னதிலேயே சரியான வார்த்தை அதுதான்.

“பாய்லர் மாமா படுத்த படுக்கையா கெடந்தப்ப நீ வந்து பாத்தியே,” என்றாள். “அவரு குடிகாரன்னு ஊரே பேசுச்சு. உனக்குத் தெரியும்ல அப்ப?”

“அதனாலதான் அப்படி ஆச்சுன்னு யாரும்மா சொல்ல முடியும்?”

“நான் அதைக் கேக்கல,” என்றாள் அவள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நினைவுக்கு வந்தது. அவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டில் டெய்லரம்மா அழுது கத்தும் சத்தம். “நெசமா அந்த மனுஷன் குடிச்சிருப்பாருங்கறீங்க?” என்று அவள் கேட்டாள். அவர் பக்கத்தைத் திருப்பினார். மடிப்பைக் கையால் நீவி விட்டார். “யாருக்குத் தெரியும்?” என்றார். அன்று சாயங்காலம்தான் பாய்லர்காரருக்கென்று தனியாக ஒரு கேன் கொண்டுபோய்க் கொடுத்தார். எவ்வளவு இளகிய மனசு என்று அவள் அன்று பெருமைப்பட்டாள். அதையும் நாலு பேரிடம் சொன்னாள்.

சமையலறையை விட்டு முன்னறைக்கு வந்தாள். டெய்லரம்மா இரண்டாவது சுற்றுக்குத் தட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். அவள் போய்த் தட்டை வாங்கினாள். “பால் திரிஞ்சிருக்கு. யாரும் குடிக்காதீங்க,” என்றாள்.

“இப்பதானேக்கா காய்ச்சினேன்?” என்று டெய்லரம்மா விழித்தாள்.

“திரிஞ்சிருக்கு,” என்றாள் மறுபடியும். கர்ப்பிணியின் கையிலிருந்த டம்ளரையும் வாங்கிக்கொண்டாள். பின்பக்கம் போய் ஒவ்வொன்றாகக் கவிழ்த்தாள். துக்கத்தில் மூளை கலங்கிவிட்டது என்று யாரோ மெல்லச் சொன்னது காதில் விழுந்தது. வாயில் வந்தது பொய் என்பது டம்ளர்களைக் கழுவும்போதுதான் அவளுக்கு உறைத்தது. இத்தனை வருஷம் அவருக்காக அவள் தெரியாமல் சொன்ன பொய்கள் எத்தனையோ. தெரிந்து சொன்னது இதுதான் முதல். கேன் தண்ணீரில் மகனை வேறு டீ போடச் சொன்னாள்.

நாலு மணிக்கு வண்டி வந்தது. தூக்குவதற்கு முன்னால் எல்லாரும் ஒதுங்கி அவளுக்கு வழிவிட்டார்கள். கடைசியாக முகத்தைப் பார்த்துக்கொள்ளட்டும் என்று. அவள் தலைமாட்டில் போய் நின்றாள். யாரோ முகத்தைத் துடைத்து, தலையை வகிடெடுத்துச் சீவியிருந்தார்கள். கேட்பதற்கு ஆயிரம் இருந்தது. ‘நீ ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் என்ன பண்ணியிருப்பேன்னு பயந்தியா?’ என்றுதான் முதலில் வந்தது. உயிரோடு இருந்தவரை அவரை அவள் நீ என்று சொன்னதில்லை. காலர் ஒருபக்கம் மடங்கியிருந்தது. அதை நேராக்கப் போன கை பாதியில் நின்றது. அவள் திரும்பி வந்துவிட்டாள். அழாமல் வருகிறாளே என்று பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். டெய்லரம்மாதான் போய்க் காலரைச் சரிசெய்தாள்.

எல்லாம் முடிந்து ஆண்கள் மயானத்திலிருந்து திரும்பியபோது ஐந்தரை. வெளிச்சம் இன்னும் இருந்தது. வந்தவர்கள் ஒவ்வொருவராகச் சொல்லிக்கொள்ளாமல் கிளம்பினார்கள். மகன் டிரைவரைப் பேருந்து ஏற்றிவிடப் போனான். வாசலில் போட்டிருந்த வாடகை நாற்காலிகள் வரிசை கலையாமல் காலியாகக் கிடந்தன. அவளும் டெய்லரம்மாவும் மட்டும் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். தெருமுனைப் பம்பில் சாயங்காலத் தண்ணீர் பிடிக்க ஆரம்பித்திருந்தார்கள். கைப்பிடி கிறீச் கிறீச்சென்று ஏறி இறங்கும் சத்தம் விடாமல் கேட்டது.

“நான் இங்கயே படுத்துக்கறேன்க்கா,” என்றாள் டெய்லரம்மா. “பொண்ணைச் சாப்பிட்டுத் தூங்கச் சொல்லிட்டேன்.”

“உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்.”

“காலையில சொல்லுங்க. இப்பக் கொஞ்சம் கண்ணை மூடுங்க.”

“பம்பு தண்ணி நல்லதில்ல,” என்றாள் அவள். “பட்டறையில சாயத் தண்ணியை வடிகட்டின மண்ணைப் பின்னாடி பள்ளத்துல கொட்டினாங்கல்ல, அதுலேர்ந்து விஷம் எறங்குது. இவருக்குத் தெரியும். ஒம்பது வருஷமாத் தெரியும்.”

முதலில் அது டெய்லரம்மா காதில் விழுந்ததா என்றே தெரியவில்லை.

“அந்தக் கேனு...”

“அதுக்குத்தான்.”

“வயித்துல புண்ணுன்னீங்க.”

“எங்கிட்டயும் அதைத்தான் சொன்னாரு. எனக்கு இன்னிக்குத்தான் தெரியும். டிரைவர் சொன்னாரு. அவனும் ஆமான்னுட்டான்.” மகன் போன திசையைக் கை காட்டினாள். “உங்க வீட்டுக்காரருக்கு அதனாலதான் வந்துச்சான்னு எனக்குச் சொல்லத் தெரியாது. டாக்டரைத்தான் கேக்கணும். ஆனா இவரு அவருக்குன்னு கேன் கொண்டாந்தாருல்ல... சும்மா கொண்டாரல.”

பம்பு சத்தம் சற்று நின்று மறுபடி தொடங்கியது. ஆள் மாறியிருக்க வேண்டும்.

“அப்ப அவன் குடிக்கலையா?” என்றாள் டெய்லரம்மா.

“குடிக்கல.”

“சத்தியம் பண்ணான்க்கா. புள்ள தலையில கைவச்சு. நான் அவன் டூல் பெட்டியெல்லாம் கவுத்துப் போட்டுத் தேடினேன். பாட்டில் இருக்கான்னு. படுத்துக்கிட்டே பாத்துக்கிட்டிருந்தான்.”

அவள் கையை நீட்டினாள். டெய்லரம்மா அந்தக் கையைப் பார்த்தாள். தட்டிவிடவில்லை, பிடித்துக்கொள்ளவும் இல்லை.

“உங்க பையன் கேன் தண்ணி குடிச்சு வளந்தான்,” என்றாள். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது, துணிக்கு அளவு சொல்வதைப் போல. “என் பொண்ணுக்கு அப்ப ஒம்பது வயசு.”

“ஆமா,” என்றாள் அவள்.

டெய்லரம்மா எழுந்தாள். புடவையை உதறிச் சரிசெய்துகொண்டாள். தன் வீட்டுப் பக்கம் திரும்பவில்லை. தெருமுனையைப் பார்த்து நடந்தாள். முதலில் மெதுவாக, பாதித் தெருவுக்கு மேல் வேகமாக. திரும்பிப் பார்க்கவில்லை. அங்கே என்ன பேசினாள் என்பது இங்கே கேட்கவில்லை. கிறீச் சத்தம் மட்டும் நின்றது. இந்த முறை அது மறுபடி தொடங்கவில்லை.

நாற்காலிக்காரர் மூன்றுசக்கர வண்டியோடு வந்தார். நாற்காலிகளை ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகி, ஏழும் எட்டுமாகத் தூக்கிக்கொண்டு போய் அடுக்கினார். டெய்லரம்மாவின் நாற்காலியையும் எடுத்துக்கொண்டார். அவளுக்குப் பக்கத்தில் வந்து, கேட்கலாமா வேண்டாமா என்று தயங்கி நின்றார். அவள் எழுந்து தன் நாற்காலியைத் தானே தூக்கிக் கொடுத்தாள்.

“வர்றேம்மா,” என்றார் அவர்.

வண்டி போனது. வாசல் மண்ணில் நாற்காலிக் கால்கள் அழுத்திய சின்னச் சின்னக் குழிகள், நாலு நாலாக, வேலிவரை வரிசையாக இருந்தன. தெருமுனையில் ஆட்கள் கூடிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் கை நீட்டி இந்த வீட்டைக் காட்டினார். அவள் உள்ளே போகாமல் அந்தக் குழிகளுக்கு நடுவில் நின்றுகொண்டிருந்தாள்.